நாற்பது வளைவுகளும் ஒரு முனகலும்

கொண்டை ஊசி என்றால் உங்களுக்குத் தெரியும். கண்ணாடிக்கு முன்னால் நின்று, பல்லில் கடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாய்க் கொண்டையில் செருகுகிற வரையில் அது மிகவும் சாதுவான வஸ்து. அதே ஊசியை மலை அளவுக்குப் பெரிதாக்கி, அதன்மேல் தாரைப் பூசி, "இதில் காரை ஓட்டிக்கொண்டு போ" என்று சொன்னால் அப்போது தெரியும் சேதி! பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் போகிற மலைப் பாதையில் அப்படிப்பட்ட ஊசிகள் 40 இருக்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் அதன் நம்பரைப் போட்டு ஒரு பலகை நட்டிருக்கிறார்கள், ஊசி ஒன்றுகூடத் தொலைந்து போகக்கூடாது என்பது போல!

"மலைக்கு அவ்வளவு பெரிய கொண்டையா!" என்றார் என் மாமியார்.

அந்தக் கொண்டையின் அழகைப் பற்றித்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். ஆனால் பேனாவை எடுத்ததும், மலையைவிட அதில் ஏறும்போது எங்கள் கார் போட்ட முனகல்தான் முதலில் காதில் கேட்கிறது. ஆகவே இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். எது முக்கியம் என்பதை முடிவில் நீங்களே தீர்மானம் செய்துகொள்ளுங்கள்.

வால்பாறையில் மாமியாரின் தங்கை இருக்கிறார். அவர் பேரனுக்குப் பெயர் சூட்டு விழா. கோயமுத்தூரிலிருந்து நாங்கள் நாலு பேர் காரில் புறப்பட்டோம். என் வீட்டுக்காரர் ஓட்டினார். பக்கத்தில் நான். பின்னால் அத்தையும், எட்டு வயசுப் பையனும், ஒரு டின் முறுக்கும்.

புறப்படுவதற்கு முன்னால் நடந்த ஒரு சமாசாரத்தை இங்கே ஒப்புக்கொண்டுவிட வேண்டும். எங்கள் வீட்டில் கார் நிற்கிற இடமும் நான் கோலம் போடுகிற இடமும் பக்கத்தில் பக்கத்தில். நாலு நாளாகவே விடியற்காலையில் தண்ணீர் தெளிக்கப் போனால், காரின் முன்பக்கத்துக்கு நேர் கீழே தரையில் ஒரு சிவப்புப் பொட்டு. முதல் நாள் குங்குமம் கொட்டிவிட்டதோ என்று விரலால் தொட்டுப் பார்த்தேன். பிசுபிசுவென்று எண்ணெய். துணியால் துடைத்துவிட்டு அதன்மேலேயே கோலத்தைப் போட்டேன். மறுநாளும் பொட்டு. நாலாவது நாள் பொட்டு ஒரு பூரி அளவுக்கு வளர்ந்துவிட்டது.

அது மட்டுமல்ல. காரை வெளியே எடுக்கும்போது அவர் ஸ்டியரிங்கைத் திருப்பினால் "ம்ம்ம்..." என்று ஒரு சத்தம். வயசானவர்கள் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது முனகுவார்களே, அதே முனகல். நேராகப் போனால் சத்தம் இல்லை. திருப்பினால் முனகல்.

"ஏங்க, வண்டி ஏதோ முனகுகிறதே?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"பழைய வண்டி. முனகாமல் என்ன செய்யும்? உன் முழங்கால் முனகவில்லையா?" என்று சொல்லிவிட்டு ரேடியோவைக் கொஞ்சம் உரக்க வைத்தார்.

நானும் அதோடு விட்டுவிட்டேன். கார் சமாசாரம் ஆண்கள் சமாசாரம், நமக்கென்ன என்ற எண்ணம். சிவப்புப் பொட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. சகோதரிகளே, அந்த எண்ணம் எவ்வளவு பிசகு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

* * *

பொள்ளாச்சியைத் தாண்டினால் இரு பக்கமும் தென்னந்தோப்பு. வெயில் உள்ளே நுழைவதற்குத் தோப்பிடம் அனுமதி கேட்க வேண்டும் போலிருக்கிறது. எதிரே ஆனைமலை நீல நிறமாகத் தெரிகிறது. கிட்டே போகப் போக நீலம் பச்சையாகிறது. ஆளியாறு அணைக்கு அருகே வனத்துறைச் சோதனைச் சாவடியில் பெயர் கொடுத்துவிட்டு உள்ளே போனோம். இது புலிகள் காப்பகம். வழியில் குரங்கு அருவி வருகிறது. அதற்குக் கவியருவி என்றும் பெயர் உண்டு. ஏதோ கவிஞர் பாடிய அருவி என்று நினைத்துவிடாதீர்கள். 'கவி' என்றாலும் குரங்குதான்!

பிறகு ஆரம்பித்தன வளைவுகள்.

"ஒண்ணு!" என்று பின்னாலிருந்து பையன் கத்தினான். கார் "ம்ம்ம்" என்றது. "ரெண்டு!" "ம்ம்ம்ம்!" பையனும் காரும் இப்படி மாறி மாறிப் பாட்டும் பின்பாட்டும் பாடிக்கொண்டு ஏறினார்கள். ரேடியோவை எவ்வளவு உரக்க வைத்தாலும் இப்போது முனகல் அதை மீறிக் கேட்டது.

"இந்தக் காட்டில் காட்டெருமை உண்டு என்று சொன்னார்களே, அதுதான் கத்துகிறதா?" என்று அத்தை கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தேன். ஒரு கையால் சுழற்றுகிற ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நெற்றியில் வேர்வை. மலைக் காற்றோ ஜில்லென்று வீசிக்கொண்டிருந்தது.

எட்டாவது வளைவு. இடது பக்கம் இறுக்கமாகத் திரும்ப வேண்டும். மேலேயிருந்து ஒரு பஸ் இறங்கி வருகிறது. அவர் ஸ்டியரிங்கைத் திருப்பினார். பாதி திரும்பியது. மீதிக்கு வர மாட்டேன் என்று அடம் பிடித்தது. கார் வளைவோடு திரும்பாமல் வலது பக்கமாக, பஸ் வருகிற பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. பஸ்ஸின் முன்பக்கக் கண்ணாடி எனக்கு நேரே பெரிதாகி, அதற்குள் அந்த டிரைவருடைய முகம் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அத்தை "முருகா!" என்றது கேட்டது.

கண்ணைத் திறந்தபோது இரண்டு வண்டிகளும் நின்றிருந்தன. நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம் இருக்கும். பஸ் டிரைவர் புண்ணியவான். திட்டவில்லை. மலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. அந்த விதியைக் கண்ணியமாகக் கடைப்பிடித்து, அவர் பஸ்ஸைப் பொறுமையாக நிறுத்திவைத்துக்கொண்டு, 'மெல்லத் திருப்புங்க' என்று கையால் சைகை காட்டினார். என் வீட்டுக்காரர் உடம்பின் பலத்தை எல்லாம் கொடுத்து ஸ்டியரிங்கை இழுத்தார். கார் திரும்பியது. முதல் கியரில் ஊர்ந்து ஊர்ந்து ஒன்பதாவது வளைவு வரைக்கும் போய்ச் சேர்ந்தோம். பையன் "ஒன்பது" என்று சொல்லவில்லை.

* * *

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்று ஒரு காட்சி முனை இருக்கிறது. இந்தப் பாதையைப் போட்ட எஞ்சினியர் லோம் என்பவருடைய பெயர் அது. அங்கே நின்று பார்த்தால் ஆளியாறு நீர்த்தேக்கம் கழுவிக் கவிழ்க்க மறந்த வெள்ளித் தாம்பாளம் மாதிரி கீழே கிடக்கிறது. அதைச் சுற்றித் தென்னந்தோப்பு, வயல், ரோடு எல்லாம் கோலப்பொடியால் போட்டாற்போல் இருக்கின்றன. பாறைச் சரிவில் இரண்டு வரையாடுகள் நின்றன. கால் வைக்க இடமே இல்லாத இடத்தில் கால் வைத்து, எங்களை ஒருவித இளக்காரத்தோடு பார்த்தன. பவர் ஸ்டியரிங் இல்லாமலேயே இந்த மலையில் வளைந்து திரும்புகிற பிராணிகள் அல்லவா?

எனக்கு அழகை அனுபவிக்கிற மனநிலை இல்லை. கை நடுங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் சிவப்புப் பொட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீ முனகல் கேட்கிறது என்று சொன்னபோதே நான் நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும்" என்றார்.

எங்களுக்கு அடுத்தாற்போல் ஒரு வாடகை வேன் நின்றிருந்தது. அதன் டிரைவர் ஐம்பது வயசுக்காரர். டீ குடித்துக்கொண்டே எங்கள் முகங்களைப் பார்த்தவர், தாமாகவே கிட்டே வந்தார்.

"ஏனுங்க, வண்டியில தொந்தரவுங்களா?"

சொன்னோம்.

"திருப்பும்போது திரும்புச்சுங்களா, இல்லீங்களா?"

"திரும்பியது. ஆனால் பாறையைத் தள்ளுகிற மாதிரி இருந்தது."

"அப்படின்னா பயப்படாதீங்க. ஸ்டியரிங் போகலீங்க. கூட ஒத்தாசைக்கு இருந்த ஆளு மட்டுந்தான் போயிட்டான்" என்றார்.

இதைக் கேட்டதும் அத்தைக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "ஆட்டுக்கல் மாதிரி!" என்றார்.

பவர் ஸ்டியரிங்குக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. கல்யாண வீட்டில் பெரிய ஆட்டுக்கல்லில் ஒருத்தி ஆட்டுவாள். எதிரே இன்னொருத்தி உட்கார்ந்து குழவியில் கை கொடுப்பாள். முதலாமவள் எந்தப் பக்கம் தள்ளுகிறாளோ, அந்தப் பக்கம் இவளும் தள்ளுவாள். முதலாமவள் நிறுத்தினால் இவளும் நிறுத்துவாள். எதிரே இருந்தவள் நடுவில் எழுந்து போய்விட்டால் கல் நின்றுவிடுமா? நிற்காது. கனக்கும். அவ்வளவுதான். அது தெரியாமல் ஆட்டுகிறவள் பயந்து கையை எடுத்துவிட்டால்தான் ஆபத்து. ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையே உள்ள இரும்புத் தண்டின் தொடர்பு அறுவதில்லை. ஆகவே ஒத்தாசை போனால் பதறக்கூடாது. வேகத்தைக் குறைத்து, இரண்டு கையாலும் பலமாகத் திருப்பி, பத்திரமான இடத்தில் நிறுத்த வேண்டும்.

எதிரே உட்காருகிற இந்த ஆளை மோட்டாருக்குக் கொண்டுவந்தவர் பிரான்சிஸ் டேவிஸ் என்கிற அமெரிக்க எஞ்சினியர். லாரிகளைத் திருப்ப டிரைவர்கள் படுகிற பாட்டை அறிந்தவர் அவர். 1926-ஆம் வருஷத்திலேயே ஒரு காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். ஆனால் கடைக்கு வருகிற காரில் அது இடம்பெற 1951 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் கிரைஸ்லர் கம்பெனியின் இம்பீரியல் காரில் வந்தது.

வேலை செய்கிற விதம் இதுதான். எஞ்சினோடு சேர்ந்து ஒரு பெல்ட் சுற்றுகிறது. பெல்ட் ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்பு, ஒரு சிறு டப்பாவிலிருந்து எண்ணெயை உறிஞ்சி, பலத்த அழுத்தத்தோடு ரப்பர்க் குழாய் வழியாகச் சக்கரம் திருப்பும் பாகத்துக்கு அனுப்புகிறது. ஸ்டியரிங் தண்டின் அடியில் மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்று உண்டு. நாம் திருப்பும்போது அது துளி முறுக்கிக்கொள்ளும். எந்தப் பக்கம் முறுக்குகிறதோ அதற்குத் தக்கபடி ஒரு வால்வு எண்ணெய்க்கு வழியைத் திறந்துவிடும். அந்த எண்ணெய்தான் எதிரே இருக்கிற கை.

* * *

டிரைவர் அண்ணன் பானெட்டைத் திறக்கச் சொன்னார். அவர் பார்த்த முறையை நான் பக்கத்தில் நின்று வரிசையாகக் கவனித்துக்கொண்டேன். நீங்களும் கவனித்துக்கொள்ளுங்கள். சமையலில் ருசி கெட்டால் முதலில் உப்பைப் பார்க்கிறோம், பிறகு புளியைப் பார்க்கிறோம் அல்லவா? இதற்கும் அப்படி ஒரு வரிசை இருக்கிறது.

முதலில் முன்சக்கர டயர்களைப் பார்த்தார். காற்றுக் குறைந்தாலே ஸ்டியரிங் கனக்குமாம். பவர் ஸ்டியரிங்கைக் குறை சொல்வதற்கு முன்னால் பார்க்க வேண்டியது அதுதான். எங்கள் டயரில் குற்றமில்லை.

இரண்டாவது பெல்ட். எஞ்சினை நிறுத்தி, சாவியையும் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். வெடிப்பு இல்லை, தொளதொளப்பும் இல்லை. "பெல்ட் வழுக்கினா கிறீச்சுன்னு கத்துமுங்க. முனகாது" என்றார். கிறீச்சென்றால் பெல்ட், முனகினால் எண்ணெய். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது எண்ணெய் டப்பா. அதன் பக்கத்தில் இரண்டு கோடுகள் இருக்கும். எண்ணெய் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். எங்கள் எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே போய்விட்டது. இருந்த கொஞ்சமும் அப்போதுதான் கடைந்த மோர் மாதிரி நுரைத்திருந்தது.

"காத்து உள்ளே போயிருக்குதுங்க. எண்ணெய் தள்ளும், காத்து தள்ளுமுங்களா? அமுங்கிப் போகும்."

ஆட்டுக்கல்லுக்கு எதிரே உட்கார்ந்தவள் தூங்கி விழுந்த கதைதான்!

நாலாவது, எண்ணெய் எங்கே போயிற்று? டப்பாவின் அடியிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர்க் குழாயை விரலால் தடவினார். விரல் சிவப்பானது. குழாயின் முனை வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் காய்ந்து, பழைய மாவடு மாதிரி சுருங்கியிருந்தது. அதை இறுக்கிப் பிடிக்கிற கிளிப் தளர்ந்திருந்தது. வண்டி நிற்கும்போது அந்தச் சந்தின் வழியாக எண்ணெய் சொட்டுகிறது. வண்டி ஓடும்போது பம்பு உறிஞ்சுவதால் அதே சந்தின் வழியாகக் காற்று உள்ளே போகிறது. ராத்திரி என் கோலத்தில் பொட்டு வைத்ததும் பகலில் முனகியதும் ஒரே திருடன்தான்!

இனி வைத்தியம். எண்ணெய் வேண்டும். அங்கே கடை எது? "என்னிடம் இருக்கிறது" என்று அத்தை பையைத் திறந்தார். தலைக்குத் தடவுகிற தேங்காய் எண்ணெய்!

டிரைவர் அண்ணன் சிரிக்கவில்லை. மரியாதையாகவே, "மேலே குளிருக்கு உறைஞ்சு போயிருமுங்க, அம்மா" என்றார். தேங்காய் எண்ணெய் மட்டுமல்ல, எஞ்சின் ஆயிலும் கூடாது. பிரேக் ஆயில் கூடவே கூடாது. உள்ளே இருக்கிற ரப்பர் வளையங்களை அது கெடுத்துவிடும். எந்த எண்ணெய் ஊற்ற வேண்டும் என்பது டப்பாவின் மூடியிலோ காருடன் கொடுத்த புத்தகத்திலோ இருக்கும். எங்களுடையதற்கு ஆட்டோமாட்டிக் கியர் வண்டிகளுக்கு ஊற்றுகிற சிவப்பு எண்ணெய். அவருடைய வேனுக்கும் அதே எண்ணெய்தான். "மலை வண்டிக்காரன் இதில்லாம ஏறுவனுங்களா?" என்று ஒரு பாட்டிலை எடுத்து வந்தார். புதுக் கிளிப்பும் ஒன்று வைத்திருந்தார்.

எஞ்சின் ஆறுகிற வரைக்கும் காத்திருந்தோம். பிறகு குழாயைக் கழற்றி, காய்ந்த முனையை விரற்கடை அளவு வெட்டி எறிந்துவிட்டு, மீண்டும் செருகிப் புதுக் கிளிப்பைத் திருப்புளியால் முறுக்கினார். டப்பாவில் எண்ணெயை விட்டார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். இல்லை. உள்ளே போன காற்றை வெளியேற்ற வேண்டும்.

சமதளமான இடத்தில் கை பிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, எங்கள் ஜாக்கி ஒன்று, அவர் ஜாக்கி ஒன்று என்று முன்சக்கரம் இரண்டையும் தரையிலிருந்து தூக்கினார். யாரும் காருக்கு அடியில் போகக்கூடாது என்று பையனை அதட்டினார். எஞ்சினைப் போடாமலேயே ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாகப் பலமுறை திருப்பச் சொன்னார். என் வீட்டுக்காரர் திருப்பினார். டப்பாவில் குமிழ் குமிழாகக் காற்று வந்து வெடித்தது. எண்ணெய் மட்டம் இறங்கியது. இறங்க இறங்க நான் ஊற்றினேன். குமிழ்கள் நின்றதும் காரை இறக்கி, எஞ்சினைப் போட்டு, மறுபடி மெதுவாகத் திருப்பினார். முனகல் இருந்தது, குறைந்தது, தேய்ந்தது, நின்றது.

அந்த மௌனத்தில்தான் முதல் முதலாக மலையின் சத்தத்தைக் கேட்டேன். எங்கேயோ ஒரு பறவை கூவிற்று.

கசிவு நின்றுவிட்டதா என்று பார்க்கக் குழாய்க்கு நேர் கீழே ஒரு பத்திரிகைத் தாளை விரித்து வைத்தோம். (இந்தப் பத்திரிகை அல்ல, வேறு ஒரு பத்திரிகை!) பத்து நிமிஷம் கழித்து எடுத்தபோது தாளில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

"இது வழிக்கு வைத்தியமுங்க. ஊருக்குப் போனதும் குழாயையே மாத்திப்போடுங்க. பழைய எண்ணெயையும் எடுத்துட்டுப் புதுசு விடச் சொல்லுங்க" என்றார். எண்ணெய்க்கும் கிளிப்புக்கும் உண்டான பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். முறுக்கை மறுக்கவில்லை.

* * *

அதற்கு மேலே 31 வளைவுகள். பையன் மறுபடியும் எண்ண ஆரம்பித்தான். அட்டகட்டியைத் தாண்டியதும் காடு கொஞ்சம் கொஞ்சமாக விலகித் தேயிலைத் தோட்டங்கள் வருகின்றன. சீப்பால் வாரி வகிடு எடுத்தாற்போல் மலை மலையாகப் பச்சை. ரொட்டிக்கடை என்று ஒரு ஊர் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் பையனுக்குப் பசித்தது. புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் பிடரி மயிரோடு மரக்கிளையில் உட்கார்ந்திருந்தன. உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் காட்டில் வாழாத குரங்கு இது. ரோட்டில் இறங்கி வண்டியில் அடிபடாமலிருக்க, மரத்துக்கு மரம் வான்பாலம் கட்டியிருக்கிறார்கள். சுமார் 3,500 அடி உயரத்தில் வால்பாறை. மாமியாரின் தங்கை வாசலிலேயே நின்றிருந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு முதல் காரியமாக எங்களுக்குத் திருஷ்டி சுற்றினார்.

விழாவுக்கு வந்திருந்த பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டு கேட்ட கேள்விகளுக்குச் சொன்ன பதில்களை உங்களுக்கும் சொல்கிறேன்.

தரையில் விழுந்த கறை எதன் கறை என்று எப்படித் தெரியும்? நிறமில்லாத வெறும் தண்ணீர் என்றால் ஏ.ஸி. தண்ணீர், பயமில்லை. கறுப்பும் பழுப்புமாகக் கொழகொழவென்று இருந்தால் எஞ்சின் ஆயில். முன்பக்கத்தில் சிவப்பாக மெல்லிய எண்ணெய் என்றால் அநேகமாக ஸ்டியரிங் எண்ணெய். எதுவானாலும் துடைத்துவிடாதீர்கள். முதலில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

சிவப்பு எண்ணெய் கறுத்துத் தீய்ந்த வாசனை அடித்தால்? காய்ச்சிக் காய்ச்சிக் கெட்ட அப்பள எண்ணெய்க்குச் சமானம். மாற்ற வேண்டியதுதான்.

ஒரு பக்கம் திருப்பினால் லேசாகவும், மறு பக்கம் கனமாகவும் இருந்தால்? அநேகமாக உள்ளே இருக்கிற வால்வின் கோளாறு. வழியில் யாரும் கை வைக்கக்கூடாது. பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

கார் தானாகவே ஒரு பக்கம் இழுத்தால்? முதலில் டயர் காற்றையும் சக்கர அலைன்மெண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது வருகிற புதுச் சிறு கார்களில் பெரும்பாலும் இந்த எண்ணெயே கிடையாது. எதிரே உட்காருகிறது ஒரு மின்சார மோட்டார். 1988-இல் ஜப்பானில் சுஸுகி செர்வோ என்ற சின்னக் காரில் அது முதலில் வந்தது. அது முனகுவதில்லை. கோபம் வந்தால் டயல் பலகையில் ஸ்டியரிங் படம் போட்ட விளக்கை ஏற்றும். பாட்டரி கிழமாகி மின்சாரம் குறைந்தாலும் அது மக்கர் செய்யும். நின்ற இடத்திலேயே வெகு நேரம் இப்படியும் அப்படியும் திருப்பினால் சூடேறிக் கையை விட்டுவிடும். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் திரும்பி வரும். விளக்கு அணையவில்லையானால், பத்திரமான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். அப்புறமும் எரிந்தால் பட்டறையில் கம்ப்யூட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்னும் ஒன்று. எண்ணெய் ஸ்டியரிங்கைக் கடைசி வரைக்கும் திருப்பி அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. ஐந்து விநாடிக்கு மேல் வேண்டாம். எண்ணெய் போக வழியில்லாமல் கொதித்து, பம்பு கெடும்.

* * *

மறுநாள் இறக்கம். "ஏறின கியர்லயே இறங்குங்க. வண்டியை மட்டும் அணைச்சுப்போடாதீங்க" என்று டிரைவர் அண்ணன் சொல்லியிருந்தார். பெட்ரோல் மிச்சமாகும் என்று எஞ்சினை நிறுத்திவிட்டு மலையில் உருட்டிக்கொண்டு இறங்குகிற கெட்டிக்காரர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். எஞ்சின் நின்றால் பம்பு நின்றது. பிரேக்குக்கு உதவுகிற சக்தியும் இரண்டு மிதிக்குள் தீர்ந்துவிடும். சாவியை உருவிவிட்டால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். மிச்சமாகிற பெட்ரோலை யார் வந்து ஊற்றிக்கொள்வது?

நாற்பதிலிருந்து பையன் பின்னோக்கி எண்ணினான். ரேடியோவை அவர் போடவில்லை. ஒவ்வொரு வளைவிலும், "ஏதாவது கேட்கிறதா?" என்று என்னைக் கேட்டார். ஒவ்வொரு வளைவிலும் காதைத் தீட்டிக்கொண்டு, "இல்லை" என்றேன். எட்டாவது வளைவில் மட்டும் இருவருமே பேசவில்லை.

ஊருக்கு வந்த மறுநாளே குழாயை மாற்றினோம். அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு புது ஏற்பாடு. விடிந்ததும் வாளியும் கோலப்பொடியுமாக நான் வெளியே போகும்போது, காப்பி டம்ளரோடு அவரும் வருகிறார். நான் தண்ணீர் தெளிப்பதற்கு முன்னால் குனிந்து காருக்கடியில் ஒரு பார்வை பார்க்கிறார்.

"சுத்தமாக இருக்கிறது. போடு" என்கிறார். அதற்கப்புறம்தான் முதல் புள்ளி.